இருநூற்றுப் பதினேழாம் கூட்டுக்காரி

ரோசௌரா, தன் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அடியில் பச்சை அட்டை போட்ட நோட்டைச் செருகி, விரல்களைப் பழையபடி கோத்து வைத்தாள். நோட்டு கைக்கு வந்ததும், சவப்பெட்டிக்குள் கிடந்த நெலிதா ஏதோ வேலை மிச்சமிருப்பவளைப் போலத் தெரிந்தாள்.

"இது இல்லாம அம்மா எங்கயும் போனதில்ல," என்றாள் ரோசௌரா. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

அவள் அப்பா அன்செல்மோ காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நெலிதா கணக்கெடுத்துவந்த பென்குவின்களின் இந்தப் பருவம் முழுக்க அந்த நோட்டில்தான் இருந்தது. செப்டம்பரில் ஆண் பென்குவின்கள் கரையேறிய நாள், எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எந்தப் பறவையின் முதுகில் என்றைக்குக் கருவி ஒட்டியது, அது இரைக்குக் கடலில் இறங்கியது எப்போது, திரும்பியது எப்போது. வேறு பிரதி கிடையாது.

எடுத்த வாயை மூடிக்கொண்டார். அந்த நோட்டின் கடைசி வரி பொய். சொன்னவர் அவர். எழுதியவள் முப்பத்தொரு வருடங்களாக ஒரு பொய்கூட எழுதாதவள். நோட்டு அவளோடு மண்ணுக்குள் போய்விட்டால் அந்த வரியை யாரும் படிக்கப்போவதில்லை. காப்பியடித்து எழுதிய பரீட்சைத் தாள் தபாலில் தொலைந்தது என்று கேள்விப்படுகிற மாணவனின் நிம்மதி அவருக்குள் மெல்ல ஊறியது. அறுபத்தேழு வயதில் அப்படியொரு நிம்மதி வருவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"காப்பி யாருக்கு?" என்றார் பொதுவாக.

இரண்டு நாட்களாகத் தூங்காததால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. ஆட்கள் வாயைத் திறந்தார்கள். சத்தம் சற்றுத் தாமதித்து வந்தது. ஜன்னலில் காற்று தோளால் இடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் காற்று நின்றால்தான் ஜனங்கள் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டு ஹசின்தோ, ஓய்வுபெற்ற மீன்பிடிக்காரர், நெருங்கி வந்து காதோரம் குனிந்தார். "டேய், ரொட்டியில உப்பு போட மறந்துட்ட."

அன்செல்மோ ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். உண்மைதான். ஊரில் ரொட்டி சுடுகிற ஒரே ஆள் அவர்; மனைவி துக்கத்துக்கும் அவரேதான் சுட வேண்டியிருந்தது. ஒரு வருடமாக நெலிதாவுக்கு மருத்துவர் உப்பை நிறுத்தியிருந்தார். அவளுக்கென்று தினமும் ஒரு கைப்பிடி மாவைத் தனியாகப் பிசைவார். இன்று விடியற்காலையில் கைகள் மொத்த மாவையும் அவளுக்கென்றே பிசைந்துவிட்டன.

"யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"சொல்வாங்களா? நாலு தின்னுட்டேன். சாவு வீட்டுல எப்படிடா துப்பறது?"

அறையைப் பார்த்தார். ஊரே உப்பில்லாத ரொட்டியை மரியாதையாக மென்றுகொண்டிருந்தது.

பெட்டிக்கு மேலே சுவரில் நெலிதாவின் கடல் வரைபடம் தொங்கியது. அதை எடுத்துவிட்டுச் சிலுவையை மாட்டலாம் என்று ரோசௌரா சொன்னதற்கு, ஆணி இறுகிப்போய்விட்டது என்று அன்செல்மோ சொல்லியிருந்தார். (அதுவும் பொய். இந்த வாரம் அவருக்குக் கை பழகியிருந்தது.) படத்தில் பென்குவின்கள் போன வழிகள் கோடுகளாக. குஞ்சு வளர்க்கிற டிசம்பர், ஜனவரிக் கோடுகள் மஞ்சள் நிறத்தில், கரையோரமாகவே சுருண்டு, இட்ட அடியை மறுபடி இட்டு, கடைக்குப் போய்த் திரும்புகிறவளின் வழி போல இருந்தன. முட்டை காலத்துக் கோடுகள் பச்சை. ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கே நெத்திலிக் கூட்டத்தைத் தேடிப் போய்த் திரும்பியவை. குளிர்காலக் கோடுகள் நீலம். அவை பிரேசில் வரை ஏறி, அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் அலைந்து, சில கோடுகள் அங்கேயே நின்றிருந்தன.

கோடுகளெல்லாம் கருவியிலிருந்து வந்தவை. தீப்பெட்டி அளவு. முதுகு இறகில் கறுப்பு டேப்பால் ஒட்டி அனுப்ப வேண்டும். பறவை கடலில் இருக்கும்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன வழியெல்லாம் கருவிக்குள்ளேயே இருக்கும். அது கூட்டுக்குத் திரும்பி, டேப்பைப் பிரித்து எடுத்தால்தான் தெரியும். திரும்பாவிட்டால் ஒன்றும் தெரியாது.

கருவி ஒட்டப் போகும்போது நெலிதா அவரை அழைத்துப் போனது ஒரே ஒரு தடவை. கல்யாணமான நாலாம் வருடம். அவள் ஒரு பறவையை நிறுத்துக்கொண்டிருந்தபோது, காற்றில் சாய்ந்து கிடந்த கூட்டு எண் எழுதிய நான்கு குச்சிகளை அன்செல்மோ நல்ல எண்ணத்தோடு பிடுங்கி நேராக நட்டார். நேராகத்தான் நட்டார். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கூட்டில். அந்தப் பருவத்தின் நான்கு கூடுகளை நெலிதா நோட்டில் ஒற்றைக் கோடாக அடித்தாள். அவள் எதையும் ரப்பரால் அழிப்பதில்லை. தப்பும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பாள். நோட்டில் கடைசிப் பத்தியின் தலைப்பு 'பார்த்தவர்'. அதில் 'நெ.' இருக்கும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உதவிக்குப் பெர்த்தா வந்தால் 'பெ.' இருக்கும். 'அ.' ஒரு நாளும் இருந்ததில்லை.

"நான் ரொட்டிக் கடைக்காரன். எனக்கு ஒரு வரி குடுத்தா என்ன?" என்று அவர் கேட்பதுண்டு.

"உனக்குக் குடுத்தா அடுத்த வருஷம் திமிங்கலம் மரம் ஏறிச்சுன்னு இருக்கும்," என்பாள்.

இந்த அக்டோபரில் அவளால் எழுந்து நடக்க முடியாமல் போனது. அதற்கு முன்தினம் கடைசியாக ஒட்டியது இருநூற்றுப் பதினேழாம் கூட்டுக்காரியின் முதுகில். முட்டையிட்டுவிட்டு அவள் இரைக்குக் கடலுக்குப் போனாள். ஆண் பட்டினியாக அடைகாத்தது. வழக்கமாகப் பதினைந்து பதினாறு நாளில் வந்துவிடுவாள். வேறு வழியில்லாமல் நெலிதா புருஷனை அனுப்பினாள். ரெண்டு மீட்டர் தள்ளி நின்று பார். பேசாதே. குச்சியைத் தொடாதே.

தினமும் காலையில் அடுப்பை மூடிவிட்டு, ரொட்டி வண்டியில் பதினெட்டு கிலோமீட்டர் போய், முட்புதர் அடியில் குனிந்து பார்த்து, திரும்பி வந்து சொல்வார்: "ஆண்தான் உக்காந்திருக்கு." நெலிதா நோட்டைத் திறப்பாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் எழுதாமல் மூடிவிடுவாள். பத்து நாள். இருபது நாள்.

"எலும்பு தெரியுதா?" என்று கேட்பாள்.

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கு."

"இன்னும் நாலு நாள் தாங்கும். அப்புறம் எழுந்து போயிரும். அதோட தப்பில்ல. பசின்னா பசிதான." சொல்லிவிட்டு முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்வாள். அப்புறம் அந்த நாளில் அவளுக்கு வலி கூடிவிடும்.

நேற்று இருபத்து நான்காவது நாள். அவர் போய் வந்தபோது நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாள். நெலிதா கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆழம் நாப்பது. இங்க பச்சையா இருக்கு, கெழவா."

"என்ன பச்சை?"

"வெளிச்சம். மேல பாத்தா தெரியும். நெத்திலி வருது. வடக்க திரும்புது பாரு, எல்லாம் ஒண்ணா..." அவள் கை போர்வைக்கு மேல் மெல்லத் திரும்பியது. திடீரென்று கண்ணைத் திறந்தாள். தெளிவாக இருந்தாள். "வந்தாளா?"

காலையில் கூட்டில் ஆண்தான் உட்கார்ந்திருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு கண்ணால் ஒரு தடவை, மறு கண்ணால் ஒரு தடவை அவரைப் பார்த்தது. வேறு யாராவது வந்திருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தது போல.

"வந்துட்டா," என்றார் அன்செல்மோ.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

"டேப்பு?"

"நல்லா ஒட்டியிருந்துச்சு. நான் தொடல."

"வயிறு?"

"அடேயப்பா, நடக்கவே முடியல. ஹசின்தோ மாதிரி இருந்தா."

"ஆண்?"

"உடனே கெளம்பிருச்சு. ஓட்டம்தான்."

"எந்தப் பக்கமா வந்தா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "கடல் பக்கமா."

நெலிதா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. "கடல் பக்கமாத்தான் வருவா, கெழவா. பின்ன பஸ்லயா வருவா?" நோட்டைக் கேட்டாள். பேனாவைக் கேட்டாள். முதுகுக்கு இரண்டு தலையணை வைக்கச் சொன்னாள். ரொம்ப நேரம் எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மூடி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அதற்கப்புறம் வலி என்று சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மூச்சு நின்றது.

அவ்வளவுதான். இதற்காக ஒரு மனிதனைத் தூக்கில் போட மாட்டார்கள் என்று காப்பித் தட்டோடு நின்ற அன்செல்மோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு பெர்த்தா வந்தாள். ஆராய்ச்சி நிலையத்தின் வண்டியை முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைமுடி முழுக்கப் புழுதி. பெட்டி அருகில் போய் நின்றாள். அழவில்லை. குனிந்து நெலிதாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். காலரை மட்டும்தான் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு அன்செல்மோவைக் கட்டிக்கொண்டாள்.

"தொன் அன்செல்மோ," என்றாள், ஊர்ப் பெரியவர்களை அழைக்கிற மரியாதையோடு. "இப்ப கேக்கக் கூடாதுதான். ஆனா ராத்திரிக்குள்ள நான் திரும்பணும். இந்த வருஷ நோட்டு எங்க இருக்கு?"

"எங்கயோ வெச்சா," என்றார் அன்செல்மோ. "தேடணும்."

"அது இல்லன்னா இந்த வருஷமே இல்ல."

"தெரியும்மா. ரொட்டி சாப்பிடு."

பெர்த்தா ஒரு கடி கடித்து, நிறுத்தி, மென்று விழுங்கினாள். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். இவளும் பொய் சொல்கிறாளே என்று அன்செல்மோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அறையின் மறு கோடியில் ரோசௌரா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலும். வரைபடத்தின் நீலக் கோடுகள் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல அசைந்தன. காற்றுதான். நான்கு கூடுகளை அவள் அடித்த அந்த ராத்திரியில் அவரிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை என்பது இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும்? அளவுகோலை வைத்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, நேராகக் கோடு போட்டாள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்து, "குச்சி நேராத்தான் இருந்துச்சு," என்றாள்.

நான்கு மணிக்கு இறுதிச் சடங்குக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "மூடலாங்களா?"

"ஒரு நிமிஷம்," என்றார் அன்செல்மோ.

காப்பித் தட்டை ஹசின்தோவின் கையில் கொடுத்தார். பெட்டிக்குள் கையை விட்டார். நோட்டின் முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவளுடைய விரல்கள் விறைத்திருந்தன. கட்டைவிரல் அட்டையின் மேல் அழுத்தமாக இருந்தது.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"ஆபீஸ் நோட்டும்மா இது. பேனா ரீஃபில்கூட அவ வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்ததில்ல. இத எடுத்துட்டுப் போனா அவளுக்கே பிடிக்காது." மறுபடி இழுத்தார். "விட மாட்டேங்குறா."

"முப்பத்தஞ்சு வருஷமா உன்னையே விடல," என்றார் ஹசின்தோ.

யாரோ சிரித்தார்கள். ரோசௌராவும் சிரிக்க ஆரம்பித்து, அது பாதியில் வேறாகிவிட்டது. அன்செல்மோ குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "குடு, கெழவி," என்றார். கட்டைவிரலைத் தூக்கினார். நோட்டு வந்துவிட்டது.

"இப்ப அம்மா கையில என்ன வெக்கறது?" என்றாள் ரோசௌரா, மூக்கை உறிஞ்சியபடி.

அன்செல்மோ ஹசின்தோ பிடித்திருந்த தட்டைப் பார்த்தார். ஒரு சின்ன ரொட்டியை எடுத்து, கோத்த விரல்களுக்குள் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

கல்லறையில் காற்று பாதிரியாரின் வார்த்தைகளில் பாதியைக் கொண்டுபோனது. மீதிப் பாதிக்கு எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நோட்டு அன்செல்மோவின் கோட்டுக்குள், விலாவை இடித்துக்கொண்டு இருந்தது. முடிந்ததும் மகளிடம், "நீ வீட்டுக்குப் போ, வர்றேன்," என்றார். பெர்த்தாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகணும்?"

"கூட்டுக்கு. வழியில குடுத்துர்றேன் நோட்ட."

வண்டி மண் சாலையில் இறங்கியது. தூரத்தில் ஒட்டகச் சாயலுள்ள நான்கு குவானக்கோக்கள் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. மாலை ஆறு மணிக்கும் வெயில் நிமிர்ந்து நின்றது. அந்த வெளிச்சத்தில் புல்வெளி முழுக்க ஒரே திசையில் சாய்ந்து, பெரிய தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல அலைந்தது.

"அதுல கடைசி வரி பொய், பெர்த்தா."

அவள் கியரை மாற்றினாள்.

"இருநூத்திப் பதினேழு வரல. நான்தான் வந்துட்டான்னு சொன்னேன். அவ எழுதிட்டா."

"நெலிதாவா?" என்றாள் பெர்த்தா. "பாக்காததயா எழுதினாங்க?"

அன்செல்மோ நோட்டை வெளியே எடுத்தார். நேற்றிலிருந்து திறக்கத் தைரியமில்லாத பக்கத்தைத் திறந்தார். எழுத்து படியிறங்குகிற மாதிரி கீழே கீழே போயிருந்தது. ஆனால் பத்திகளை விட்டு வெளியே போகவில்லை.

217. பெண். வந்தது. காலை 11.00. அதற்குப் பக்கத்தில், குறிப்பு: கடல் பக்கமாக. கடைசிப் பத்தியில், வழக்கமாக இரண்டு எழுத்துக்குமேல் இடம் பிடிக்காத அந்தச் சின்னக் கட்டத்தில், நெருக்கி நெருக்கி முழுப் பெயரும் எழுதியிருந்தாள்: அன்செல்மோ.

வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியது. அவர் நோட்டை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"என்ன இருக்கு?" என்றாள் பெர்த்தா.

"எம் பேரு."

பெர்த்தா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோடு போட்டுருங்க. ஒரே கோடு. அழிச்சுராதீங்க."

"தெரியும்," என்றார் அன்செல்மோ. "அது எனக்குத் தெரியும்."

கூடுகள் இருக்கும் சரிவில் அவள் வண்டியை நிறுத்தினாள். பின்னால் கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துக் கொடுத்தாள். துக்கக் கோட்டோடும், ரோசௌரா பாலிஷ் போட்டுக் கொடுத்த கறுப்புச் செருப்போடும் அவர் முட்புதர்களுக்கு நடுவே நடந்தார். சுற்றிலும் பென்குவின்கள் கழுதை போலக் கத்தின. இருநூற்றுப் பதினேழின் குச்சி சாய்ந்திருந்தது. கை அதை நோக்கிப் போனது. நிறுத்தி, பைக்குள் விட்டுக்கொண்டார். இரண்டு மீட்டர் என்று மனசுக்குள் அளந்து, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

ஆண் இருந்தது. எழுந்து போகவில்லை. மார்பில் இறகு தொளதொளவென்று, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டது போலிருந்தது. இடது கண்ணால் அவரைப் பார்த்தது. அப்புறம் வலது கண்ணால்.

"என்னைப் பாத்து என்ன?" என்றார். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

கீழே கடற்கரையில், இரை தேடிப் போனவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஈரமாக, வயிறு கனத்து, வரிசையாக, விசேஷத்துக்குப் போய்வந்த களைப்போடு. ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்தார். வெறும் முதுகு. வெறும் முதுகு. அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி அதது தன் புதருக்குள் திரும்பியது. உள்ளே ஒரு கத்தல், பதிலுக்கு ஒரு கத்தல். ஒன்று மட்டும் இருநூற்றுப் பதினேழின் முன்னால் வந்து நின்றது. அன்செல்மோ மூச்சைப் பிடித்தார். கூட்டில் இருந்த ஆணும் கழுத்தை நீட்டியது. நின்றது இறகை உதறி, தண்ணீர் தெறிக்க, மேலே நடந்து போய்விட்டது. அவர் செருப்பில் நாலு துளி.

வரிசை மெலிந்தது. பிறகு யாரும் வரவில்லை. கடல் பச்சையாக இருந்தது. அவள் சொன்ன பச்சை இதுதானா என்று தெரியவில்லை.

நோட்டை முழங்காலில் வைத்து, சவக்குழியில் மண் போட்ட கையால் பேனாவைப் பிடித்தார். அளவுகோல் இல்லை. பெர்த்தாவின் வண்டிச் சாவி போட்டிருந்த உறை நீளமாக இருந்ததென்று அதை வாங்கி வந்திருந்தார். அதை வைத்து, அவளுடைய வரியின்மேல், எழுத்து தெரியும்படி ஒரு கோடு போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பெயரின்மேல் கோடு போகும்போது மட்டும் கொஞ்சம் நின்று போனது. கீழே எழுதினார்:

217. பெண். வரவில்லை. மாலை 6.50. பார்த்தவர்: அன்செல்மோ.

குறிப்பு என்ற பத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலியாக விட்டுவிட்டார்.

மேட்டில் பெர்த்தா வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். "கெளம்பலாமா, தொன் அன்செல்மோ?" காற்றில் குரல் துண்டு துண்டாக வந்தது.

"நீ நோட்ட எடுத்துக்கிட்டுப் போம்மா," என்று கத்தினார். "நாளைக்கு எழுதறதுக்கு மட்டும் ஒரு தாள் கிழிச்சுக் குடு."

அவள் போகவில்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, இறங்கி வர ஆரம்பித்தாள்.

அன்செல்மோ கோட்டுப் பையில் துழாவி, காலையில் எடுத்துப் போட்டு மறந்துபோன ரொட்டியைக் கண்டெடுத்தார். பாதியைக் கடித்தார். கூட்டின் ஓரத்தில் காற்று தள்ளிவிட்ட ஒரு சுள்ளிக் குச்சி கிடந்தது. ஆண் கழுத்தை நீட்டி அதை அலகால் எடுத்தது; கொஞ்ச நேரம் வைத்திருந்தது; பிறகு அது முன்பு இருந்த இடத்திலேயே, தன் பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு, மறுபடி வைத்தது.